விரலசைவுக்கு ஒரு சமன்பாடு: வாசகர் கேள்விகளும் விடைகளும்

வேளாண் ட்ரோன்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பழைய வட ஆற்காட்டு ஊர்கள் பலவற்றிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ட்ரோனின் விலை, மானியம் ஆகியவை பற்றிய கேள்விகளை வேறொரு முறைக்கு ஒதுக்கியிருக்கிறேன். ட்ரோனை இயக்கும் மனிதரைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: இயந்திரத்தைச் சமன்பாட்டில் எழுதலாம். ஆனால் மனிதர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். ஒரே ஆள்கூட காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் இருக்கிறார். ட்ரோனை இயக்குபவருக்குக் கணித மாதிரி இருப்பதாகப் படித்தேன். அது எப்படிச் சாத்தியம்? (முதுகலைக் கணித மாணவி, காட்பாடி)

நீங்கள் எழுப்பியிருக்கும் ஐயம், இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களுக்கும் இருந்த ஐயம்தான். இரண்டாம் உலகப் போரின்போது, நகரும் இலக்கைத் துப்பாக்கி மேடையால் பின்தொடரும் வீரரின் கை எப்படி அசைகிறது என்பதை அறிய வேண்டிய தேவை பிரிட்டனில் எழுந்தது. பொறியாளர் ஆர்னல்ட் டஸ்டின் அந்தக் கையசைவுகளைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1947-இல் வெளியிட்ட கட்டுரையில் மனிதரின் செயலை இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதி, கண்ணுக்குத் தெரியும் பிழைக்கு, அதாவது இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிய அளவுக்கு, ஏற்ப ஒழுங்காக மாறும் நேரியல் பகுதி. அதில் அடங்காத மீதி முழுவதையும் எச்சம் என்று தனியே வைத்தார். காலையும் மாலையும் மாறுவதாக நீங்கள் குறிப்பிடும் மனித இயல்பு பெரும்பாலும் இந்த எச்சத்தில்தான் அடங்குகிறது. அதைத் தவறென்று தள்ளிவிடாமல், சீரற்ற இரைச்சலாக அளந்து மாதிரிக்குள்ளேயே இடம் கொடுக்கிறார்கள். அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் கென்னத் கிரெய்க், மனிதர் இடைவிடாமல் திருத்துவதில்லை, ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டுத்தான் திருத்துகிறார் என்று கண்டறிந்தார். 1945 மே மாதத்தில் மிதிவண்டி விபத்தில் அவர் இறந்துபோனதால், அந்த ஆய்வு அவர் மறைவுக்குப் பிறகுதான் அச்சேறியது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான விடையைத் தந்தவர்கள் அமெரிக்காவில் டுவேன் மெக்ரூவர், எஸ்ரா கிரெண்டல் ஆகியோரும் அவர்களோடு பணியாற்றியவர்களும்தான். 1950-களிலும் 60-களிலும் விமானிகளைக் கொண்டு அவர்கள் நடத்திய சோதனைகளில் வியக்கத்தக்க ஒன்று தெரிய வந்தது. இயந்திரத்தின் குணத்தை மாற்றினால் மனிதரும் தம் நடத்தையை மாற்றிக்கொள்கிறார். மந்தமான இயந்திரத்திடம் முந்திக்கொண்டு செயல்படுகிறார், துடிப்பான இயந்திரத்திடம் நிதானமாகிறார். இப்படி இரண்டும் மாறிக்கொண்டே இருந்தாலும், மனிதரையும் இயந்திரத்தையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்த்தால் அந்தக் கூட்டின் வடிவம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. மாதிரி என்பது தனி மனிதருக்கு எழுதப்பட்டது அன்று, மனிதரும் இயந்திரமும் சேர்ந்த இணைக்கு எழுதப்பட்டது என்பதே இந்தத் துறையின் ஆணிவேர் என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சமன்பாட்டைச் சொற்களால் எழுதினால் இவ்வளவுதான்: ட்ரோன் இருக்கும் இடம் இக்கணத்தில் மாறும் வீதம், சற்று நேரத்துக்கு முன்பிருந்த பிழைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதில் இரண்டே எண்கள் உள்ளன. பிழையை எவ்வளவு சுறுசுறுப்பாகத் திருத்துகிறோம் என்பதை ஒன்று குறிக்கிறது. மற்றொன்று, கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசையும் வரை ஆகும் தாமதம். தாமதத்தோடு கூடிய இந்த வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தால், இரண்டு எண்களின் பெருக்கல் பலன் பை (π) என்னும் எண்ணின் பாதியை, அதாவது 1.57-ஐ, எட்டியதும் ஊசலாட்டம் அடங்காமல் தொடர்கிறது. அதைத் தாண்டினால் பெருகுகிறது.

ஏரி மடையைத் திறந்துவிட்டவர்களுக்கு இது புதிதன்று. கடைமடை வயலில் தண்ணீர் வந்து சேரவில்லையே என்று மடையை மேலும் மேலும் தூக்கினால், சற்றுப் பொறுத்து எல்லாம் சேர்ந்து வந்து வரப்பை உடைக்கிறது. பதறிப்போய் முழுவதும் அடைத்தால் மறுநாள் வயல் காய்கிறது. கை அவசரப்பட்டதோடு தண்ணீர் வரத் தாமதமும் ஆனதால்தான் இந்த அலைவு உண்டாகிறது.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கழியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திவிடலாம், 15 செ.மீ. பென்சிலை நிறுத்த முடியாது. கழி சாயத் தொடங்கினால் அதன் சாய்வு சுமார் 0.26 விநாடிக்கு ஒருமுறை 2.7 மடங்காகிறது. பென்சிலுக்கு இதே பெருக்கம் 0.1 விநாடியில் நடந்துவிடுகிறது. கண்ணால் பார்த்துக் கை திருந்தவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும்போது, பென்சிலை எந்தத் திறமைசாலியாலும் பிடித்து வைக்க முடியாது.

கேள்வி: ஜிபிஎஸ் இயங்கும்போது ட்ரோன் சொன்னபடி கேட்கிறது. அது துண்டித்துப்போனால் அதே ட்ரோன் முரட்டுக் காளை போலாகிவிடுகிறது. காற்று மட்டும்தான் காரணமா? (ட்ரோன் பயிற்சி பெறுபவர், இராணிப்பேட்டை)

காற்றின் பங்கு சிறிதுதான். உங்கள் கைக்கும் ட்ரோன் நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள கணிதமே மாறிவிடுகிறது. ஜிபிஎஸ் துணையிருக்கும்போது, கட்டுப்பாட்டுக் குச்சியை எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு வேகத்தை ட்ரோன் எடுத்துக்கொள்கிறது. வேகத்தை ஒரு முறை தொகையிட்டால் இடம் கிடைக்கும். இத்தகைய இயந்திரத்திடம் மனிதர் பிழைக்கு ஏற்பக் குச்சியைச் சாய்த்தால் போதும். ஜிபிஎஸ் போனதும் குச்சியின் சாய்வு ட்ரோனின் சாய்கோணத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. கோணம் முடுக்கத்தைத் தருகிறது, முடுக்கத்திலிருந்து வேகமும் வேகத்திலிருந்து இடமும் வருகின்றன. ஆக இரு முறை தொகையிட வேண்டியிருக்கிறது. இப்போது ட்ரோன் எங்கே இருக்கிறது என்பதோடு எந்த வேகத்தில் நகர்கிறது என்பதையும் கண்ணால் கணித்து, அது வந்து சேரும் முன்பே எதிர்த்திசையில் சாய்க்க வேண்டும்.

இந்த முன்கணிப்புக்கு மூளை ஒரு விலை கேட்கிறது. மெக்ரூவர் குழுவினரின் அளவீடுகளில், முதல் வகை இயந்திரத்துக்கு மனிதரின் தாமதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடியாக இருந்தது. இரண்டாம் வகைக்கு அரை விநாடியை எட்டியது. முன்கணிப்பு தேவைப்படும் இடத்திலேயே தாமதமும் கூடுவதால்தான் ட்ரோன் முரட்டுத்தனமாகத் தோன்றுகிறது. பயிற்சித் திடலில் வாரத்துக்கு ஒருமுறையாவது, ஆளில்லாத வெளியில், ஜிபிஎஸ் துணையை அணைத்துவிட்டுப் பழகுங்கள். நெருக்கடி வரும்போது மூளைக்கு இரண்டாம் வகை இயந்திரம் அறிமுகமானதாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் நிலக்கடலைக் காட்டுக்கு மருந்தடிக்க என் அக்கா மகன் ட்ரோன் ஓட்டினான். எங்களை விட்டு விலகிப் போகும்வரை ஒழுங்காகப் போனது. கடைக்கோடியில் திரும்பி எங்களை நோக்கி வரும்போது, தென்னை மரத்தை விட்டு விலக்கப் பார்த்தவன் நேராக மரத்திலேயே மோதிவிட்டான். கவனமில்லாத பயல் என்று ஊரே பேசுகிறது. அவனோ அன்றிலிருந்து அதைத் தொடவே மறுக்கிறான். தவறு அவனுடையதுதானா? (விவசாயி, குடியாத்தம்)

முதலில் இந்த விடையை உங்கள் அக்கா மகனுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நேர்ந்தது, உலகெங்கும் ட்ரோன் இயக்குவதில் தேர்ந்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அதற்குத் தெளிவான கணிதக் காரணமும் உண்டு.

ட்ரோனின் மூக்கு நம்மை விட்டு விலகிய திசையில் இருக்கும்போது, குச்சியை வலப்புறம் தள்ளினால் அது நமக்கு வலப்புறமாகவே போகும். மூக்கு நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் அதன் வலம் நமக்கு இடமாகிறது. சமன்பாட்டில், நமது கையசைவு ட்ரோன் திரும்பிய கோணத்தின் கொசைனால் பெருக்கப்படுகிறது. கோணம் சுழியாக இருந்தால் பெருக்கும் எண் 1. 90 பாகை திரும்பினால் 0, அதாவது பக்கவாட்டில் அது கைக்குக் கட்டுப்படவே மாட்டாது. 180 பாகை திரும்பினால் கழித்தல் 1. இந்தக் குறி மாறிய கணமே, பிழையைக் குறைக்க நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பிழையைப் பெருக்குவதாகிவிடுகிறது. மரத்தை விட்டு விலகவில்லையே என்று இன்னும் அழுத்துகிறோம். ட்ரோன் இன்னும் வேகமாக மரத்தை நோக்கிப் போகிறது. கவனத்தோடு விரைந்து திருத்தும் ஆளிடம்தான் இந்தப் பெருக்கம் இன்னும் வேகமாக நடக்கும். கவனமில்லாதவர் என்று அவரை ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்.

அமெரிக்கத் தரைப்படையின் ஹன்டர் என்னும் ஆளில்லா விமானத்தை, ஓடுபாதையோரம் நின்று கண்ணால் பார்த்தபடி ஒருவர் தரையிறக்க வேண்டியிருந்தது. அவ்விமானத்தின் விபத்துகளை ஆராய்ந்தபோது, தம்மை நோக்கி வரும் விமானத்தில் இடவலம் மாறிவிடும் இதே குழப்பம் காரணங்களுள் ஒன்றாகப் பதிவாயிற்று. அவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்ற படைவீரர்கள். மேலும், தேர்வு செய்ய வேண்டிய வழிகள் கூடக்கூட மனிதரின் மறுமொழி நேரம் மடக்கை விதிப்படி கூடுகிறது என்று 1952-இல் வில்லியம் ஹிக் காட்டினார். இப்போது இடமா வலமா என்று யோசிக்க நேர்ந்தாலே, சமன்பாட்டிலுள்ள தாமதமும் நீண்டுவிடுகிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடைக்கோடியில் ட்ரோனைத் திருப்பாதீர்கள். மூக்கு அதே திசையில் இருக்கட்டும், பின்னோக்கி ஓட்டி அடுத்த வரிசைக்குக் கொண்டு வாருங்கள். பல சுழலிகள் கொண்ட ட்ரோனுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். முன்னதாகவே பாதையை வரைந்து கொடுத்துத் தானாகப் பறக்கவிடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். குழப்பம் தோன்றிய கணமே, ஜிபிஎஸ் இயங்குகிற நிலையில், குச்சிகளிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். ட்ரோன் நின்ற இடத்திலேயே மிதக்கும். கணித மொழியில் சொன்னால், குறி தவறிய பெருக்கும் எண்ணைச் சுழியாக்கிவிடுகிறோம். கணினியில் பழகும் பயிற்சி மென்பொருளில் ட்ரோனின் மூக்கைத் தம்மை நோக்கி வைத்து மிதக்கவிடும் பயிற்சியை மட்டும் தனியே செய்யச் சொல்லுங்கள். வேளாண் ட்ரோன் இயக்க 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி தேவைப்படும் சான்றிதழை அவர் இன்னும் பெறவில்லையென்றால், அந்தப் பயிற்சியில் சேருவதே அவர் அச்சம் தெளியவும் வழி. ட்ரோனை மரத்தை விட்டுத் தள்ளியே ஓட்டுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: 150 மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் அகல ட்ரோன் அரைப் பாகைக்குச் சற்றே மேற்பட்ட கோணத்தில்தான் தெரியும், அது மரத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கண்ணால் பிரித்தறிய முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் ராஜாளி கடற்படை வான்தளத்திலிருந்து பெரிய ஆளில்லா விமானங்கள் பறக்கின்றன. அத்தகையவற்றைச் செயற்கைக்கோள் வழியாகவும் இயக்குகிறார்களாமே? அந்தத் தொலைவு இயக்குபவரைப் பாதிக்காதா? (ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர், அரக்கோணம்)

2020 நவம்பர் முதல் கடற்படை குத்தகைக்கு எடுத்து இயக்கிய சீகார்டியன் வகை விமானங்களைக் குறிப்பிடுகிறீர்கள். 30 மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கக்கூடிய வகை அது. எந்த விமானத்தை எந்த நேரத்தில் எப்படி இயக்குகிறார்கள் என்பது பொதுவெளியில் பேச வேண்டியதன்று; செயற்கைக்கோள் வழிக் கட்டுப்பாட்டின் பொதுக் கணக்கை மட்டும் தருகிறேன்.

புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரு கட்டளை மேலே போய்க் கீழே இறங்க, ஒளியின் வேகத்திலேயே 0.24 விநாடி ஆகும். அதன் விளைவைக் காட்டும் படம் திரும்பி வர மேலும் 0.24 விநாடி வேண்டும். கருவிகளின் தாமதத்தை விட்டுவிட்டாலும் மொத்தம் 0.48 விநாடி. இயக்குபவரின் சொந்தத் தாமதம் 0.35 விநாடி என்று கொண்டால், முதல் விடையில் சொன்ன 1.57 என்னும் எல்லையை அடைய, நேரில் பார்த்து இயக்குபவர் விநாடிக்கு 4.5 ரேடியன் அளவுக்குச் சுறுசுறுப்பாகத் திருத்தலாம். செயற்கைக்கோள் வழியே இயக்குபவருக்கு அது 1.9 ஆகச் சுருங்கிவிடுகிறது. பாதுகாப்பாக இருக்க இவற்றில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடுபாதைக்குச் சில மீட்டர் மேலே, குறுக்குக் காற்றில், அந்த வேகம் போதாது. அமெரிக்காவின் பிரிடேட்டர் வகை ஆளில்லா விமானங்களை ஏற்றவும் இறக்கவும் தளத்திலேயே ஒரு குழு நேரடி வானொலித் தொடர்பில் இருந்ததற்கும், நடுவழியில் மட்டும் தொலைதூரக் குழு ஏற்றுக்கொண்டதற்கும் காரணம் இந்தத் தாமதமே. புதிய வகைகளில் விமானம் தானாகவே இறங்குகிறது. நொடிக்கு நொடி திருத்தும் வேலையை விமானத்துக்குள்ளிருக்கும் கணினி ஏற்றுக்கொள்கிறது, உயரத்தையும் திசையையும் பாதையையும் முடிவு செய்வதோடு மனிதரின் வேலை நின்றுவிடுகிறது.

அப்படி நின்றுவிடும்போது வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. ரேடார் பார்ப்பவர்களை மனத்தில் கொண்டு நார்மன் மக்வொர்த் நடத்தி 1948-இல் வெளியிட்ட சோதனையில், கடிகார முள் போன்ற ஒன்று எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் அளவு கணிசமாகக் குறைந்தது. நீண்ட நேரம் பறக்கும் விமானத்தைக் காவல் காப்பவர்களைக் குறுகிய நேரப் பணிமுறைகளில் மாற்றியாக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கேள்வி: ட்ரோன்களை வாடகைக்கு விடும் தொழில் தொடங்க இருக்கிறேன். ஒரே ஆள் எத்தனை ட்ரோன்களைக் கவனிக்க முடியும்? (வாணியம்பாடி)

2000-களின் தொடக்கத்தில் டேன் ஓல்சன், மைக்கேல் குட்ரிச் ஆகியோர் தந்த எளிய சூத்திரம் இருக்கிறது. ஒரு ட்ரோனைக் கவனிக்காமல் விட்டுவைக்கக்கூடிய நேரத்தை, அது ஒவ்வொரு முறையும் நம் கவனத்தைக் கேட்கும் நேரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். நான்கு நிமிடம் தானாகப் பறந்து, பிறகு 30 விநாடி கவனம் கேட்கும் ட்ரோன் என்றால் விடை 9. ஆனால் இந்த 9-ஐ நம்பி முதலீடு செய்துவிடாதீர்கள். ட்ரோன்கள் முறை வைத்துக்கொண்டு நம்மைக் கூப்பிடுவதில்லை. இரண்டு மூன்று ஒரே நேரத்தில் கூப்பிடும்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக ஏர்லாங் என்பவர் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கோட்பாடு இங்கே கை கொடுக்கிறது. அதன் எளிய சூத்திரப்படி, ஒவ்வொரு அழைப்புக்கும் சராசரி 30 விநாடி தேவைப்பட்டால், இயக்குபவரின் நேரத்தில் பாதி நிரம்பியிருக்கும்போது ஒரு ட்ரோன் காத்திருக்கும் நேரம் 30 விநாடி. 70 விழுக்காடு நிரம்பினால் 70 விநாடி. 90 விழுக்காடு நிரம்பினால் 270 விநாடி. மருந்து சுமக்கும் ட்ரோன் ஒரு பேட்டரியில் பறப்பதே பத்துப் பதினைந்து நிமிடம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மனிதர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் 70 விழுக்காட்டைத் தாண்டினால் செயல்திறன் சரிவதைக் காட்டுகின்றன. வேலையில்லாத இடைவெளியைச் சோம்பல் என்று எண்ணி நிரப்ப முயலும் முதலாளி, ட்ரோனை இழப்பார். மருந்து தெளிக்கும் வேலையில் ஓர் ஆளுக்கு ஒரு ட்ரோன் என்றே தொடங்குங்கள்.

கேள்வி: வேலூர் வெயிலுக்கு உங்கள் மாதிரியில் இடமுண்டா? (வாலாஜாபேட்டை)

மூன்று இடங்கள் உண்டு. களைப்பு மிகும்போது தாமதம் நீள்கிறது, திருத்தும் சுறுசுறுப்பு குறைகிறது, எச்சம் என்று சொன்ன இரைச்சல் பெருகுகிறது. சித்திரை வைகாசியில் மருந்தடிப்பைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மருந்து ஆவியாகிப் போகாமலும் இருக்கும்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணியாக இந்த மாதிரியை நாங்களே அளந்து பார்க்க விரும்புகிறோம். ட்ரோன் வாங்கப் பணமில்லை. (பொறியியல் மாணவர்கள் மூவர், வேலூர்)

ட்ரோன் வேண்டாம். ஒரு கணினியும் விளையாட்டுக்குப் பயன்படும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் போதும். திரையின் நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து விலகி அலையும் ஒரு புள்ளி. புள்ளியைக் கோட்டிலேயே வைத்திருப்பது இயக்குபவரின் வேலை. புள்ளியை அலைக்கும் குறிப்பலையை ஏழெட்டு சைன் அலைகளைக் கூட்டி உருவாக்குங்கள். எல்லாவற்றையும் ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் பகா எண் மடங்குகளாகத் தேர்ந்தெடுத்தால், ஒன்றன் மேல் ஒன்று படியாமல் பிரித்தெடுக்கலாம். அடுத்து எங்கே போகும் என்று இயக்குபவராலும் ஊகிக்க முடியாது. இந்த ஊகத்தைத் தடுக்காவிட்டால் நீங்கள் அளப்பது தாமதத்தை அன்று, மனப்பாடத்தை.

ஒவ்வொரு ஓட்டமும் 100 விநாடிக்குக் குறையாமல், விநாடிக்கு 50 முறை பதிவாகட்டும். முதலில் ஒரு முறை தொகையிடும் இயந்திரத்தையும், பிறகு இரு முறை தொகையிடும் இயந்திரத்தையும் மென்பொருளில் எழுதி, பத்துப் பேரையாவது இரண்டிலும் இயக்கச் சொல்லுங்கள். பழகும் ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பிழைக்கும் (கோட்டிலிருந்து புள்ளி விலகிய அளவு) மென்பொருள் இயந்திரத்தின் வெளியீட்டுக்கும் உள்ள விகிதத்தையும் கட்ட வேறுபாட்டையும் கணக்கிட்டு, மீச்சிறு வர்க்க முறையால் சுறுசுறுப்பு, தாமதம் என்னும் அந்த இரண்டு எண்களைப் பொருத்துங்கள். பின்பு, குச்சி அசைந்து கால் விநாடி கழித்தே புள்ளி நகரும்படி ஒரு செயற்கைத் தாமதத்தைச் சேர்த்து மீண்டும் அளந்து பாருங்கள். உங்கள் நண்பர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தங்கள் சுறுசுறுப்பைத் தாமே குறைத்துக்கொள்வதை வரைபடத்தில் காண்பீர்கள். அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை இப்பகுதிக்கு அனுப்பி வையுங்கள். குடியாத்தத்து இளைஞருக்கு அனுப்ப எனக்கு அது வேண்டும்.